பஞ்சாக அமிழ்ந்த பெடல்: ஒரு 109 அங்குல லாண்ட் றோவரின் பிறேக் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட வாகனம், முன்பின் சில்லுகளுக்கு இடையில் 109 அங்குலத் தூரமுள்ள, டீசல் இயந்திரம் பூட்டிய சீரிஸ் 3 லாண்ட் றோவர். சீரிஸ் 3 வாகனங்கள் 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டன. எமது கராஜுக்கு வந்தது அவற்றுள் பழைய அமைப்பைக் கொண்டது: நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் சுற்று, வெற்றிடப் பெருக்கி கிடையாது, மிதிப்பவரின் கால்பலம் மட்டுமே பலம். நான்கு சில்லுகளிலும், சில்லோடு சேர்ந்து சுழலும் 11 அங்குல டிறம்கள் இருந்தன. முன்சில்லு ஒவ்வொன்றிலும் ஒற்றைப் பிஸ்டன் கொண்ட இரு சிலிண்டர்களும், பின்சில்லு ஒவ்வொன்றிலும் இருபுறமும் தள்ளும் ஒரு சிலிண்டரும் உள்ளன. ஆக ஆறு சிலிண்டர்கள், எட்டுப் பிஸ்டன்கள், அவை அனைத்தையும் தள்ளுவதற்குப் பெடலோடு இணைந்த ஒரேயொரு மாஸ்ரர் சிலிண்டர். டிறமை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த இரும்புத் துண்டான சூவுக்கும் டிறமுக்கும் இடையிலான வெளி தானாகச் சரிசெய்யப்படுவதில்லை. நத்தையோட்டின் வடிவிலுள்ள கேம்களை, பின்தகட்டுக்கு வெளியே தெரியும் போல்ற் தலையைப் பிடித்து நாமே திருப்ப வேண்டும்.

வாகனத்தின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். யாழ்ப்பாணத்து இருபாலையில் வீடு, பூநகரியில் வயல். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பார்கள். ஆகவே இவ்வறிக்கையில் மாஸ்ரர் என்று தனித்து வரும் இடங்களெல்லாம் அவரையே குறிக்கும். சிலிண்டரை நான் முழுப்பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

அறுவடை முடிந்து நெல் ஏற்றிவரும் நாட்களில், சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து தனங்கிளப்பு வழியாக நாவற்குழிச் சந்தியை அடைந்தபோது, முன்னால் நின்ற பேருந்துக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு வாகனம் நின்றதாக அவர் சொன்னார். பெடலை மூன்று முறை விரைவாக மிதித்தும் போதாமல் கைப்பிறேக்கையும் இழுத்திருக்கிறார். இவ்வகை லாண்ட் றோவரில் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டிலுள்ள தனி டிறமைப் பிடிக்கிறது. ஒயில் முழுவதும் ஒழுகிப்போனாலும் அது வேலை செய்யும் என்பது நன்மை. ஓட்டத்தில் இழுத்தால் அச்சுத்தண்டுகளும் பற்சில்லுகளும் அதிர்ச்சியைத் தாங்கவேண்டி வரும் என்பது தீமை. அன்று அந்த நன்மை மாஸ்ரரைக் காப்பாற்றியது.

முறைப்பாட்டைவிட அதற்கு முந்திய வரலாறுதான் என்னை யோசிக்க வைத்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னர் வேறொரு கராஜில் பிறேக் முழுவதும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆறு சில்லுச் சிலிண்டர்களும் புதியவை. பின்சில்லுகளுக்குப் புதிய சூக்கள் வாங்கப்பட்டன. முன்சில்லுகளுக்குரியவை கிடைக்காததால் பழைய சூக்களுக்கே, டிறமில் உராயும் மேற்பட்டையான லைனிங் புதிதாக அடிக்கப்பட்டது. மாஸ்ரர் சிலிண்டரும் புதிது. பெடல் அன்றே மென்மையாகத்தான் இருந்தது. "கொஞ்சம் ஓடினால் சரிவரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சரிவரவில்லை. காற்று எடுத்தார்கள் (குழாய்களில் சிக்கிய காற்றை ஒயிலோடு சேர்த்து வெளியேற்றுவது), மீண்டும் எடுத்தார்கள், கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து இரண்டாவது மாஸ்ரர் சிலிண்டர் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார்கள். அதற்குப் பிறகும் காற்று எடுத்தார்கள். எம்மிடம் வரும்போது காற்று எடுப்பதற்காக மட்டும் இரண்டு லீற்றருக்கு மேல் பிறேக் ஒயில் செலவாகியிருந்தது.

"தம்பி, இதுக்குள்ள இனி எடுக்கிறதுக்குக் காத்து இல்லை. என்ரை மூச்சுத்தான் மிச்சம்" என்றார் மாஸ்ரர்.

பெடல் சொன்னவை

பஞ்சுபோல் இருக்கிறது என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கும். ஆகவே வாகனத்தை வீதிக்குக் கொண்டுபோகாமல், முற்றத்தில் நிறுத்தியபடியே பெடலை மூன்று விதமாக மிதித்துப் பார்த்தோம். மெதுவாக ஒருமுறை மிதித்தபோது அது தரையை நோக்கி நெடுந்தூரம் போனது. விரைவாக மூன்று முறை மிதித்தபோது உயர்ந்து வந்தது. உயர்ந்த நிலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபோது, அது கீழே இறங்காமல் அதே இடத்தில் நின்றது. ஆனால் காலை இன்னும் அழுத்தினால் சைக்கிள் இருக்கையின் சுருள்வில்லைப் போல மேலும் அமிழ்ந்தது, விட்டால் காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

மூன்றாவது குறிப்பில் இருந்து தொடங்குவதே பயன் தரும். அழுத்திப் பிடிக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ ஒயில் கசிகிறது அல்லது மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர்களைத் தாண்டி ஒயில் திரும்பிப் போகிறது என்று பொருள். இங்கே இறங்கவில்லை. அதாவது இரண்டாவது மாஸ்ரர் சிலிண்டரும் நல்லது. கழற்றப்பட்ட முதலாவதும் அநேகமாக நல்லதே. மீண்டும் மீண்டும் மிதிக்க உயர்வது இரண்டு காரணங்களால் நிகழலாம்: சூ டிறமை விட்டு அதிகம் விலகி நிற்கலாம், அல்லது குழாய்களில் காற்று இருக்கலாம். உயர்ந்த பிறகும் வில்லைப்போல் அமிழ்வதற்குக் காரணம், ஒயில் சுற்றில் ஏதோ சுருங்குகிறது, அல்லது ஏதோ விரிகிறது, அல்லது ஏதோ வளைகிறது. முன்னைய கராஜ் சுருங்குவது என்ற ஒன்றோடு நின்றுவிட்டது.

சுருங்குவதையும் வளைவதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதை இந்த வாகனத்தில் செய்து பார்க்கக் காரணம் மாஸ்ரரே. நான் காலால் உணர்ந்து சொல்வதை அவர் ஏற்கத் தயாராக இல்லை. வீட்டில் இருந்து ஆட்கள் ஏறி நிறை பார்க்கும் தட்டையான தராசு ஒன்றைக் கொண்டுவந்து, அதைச் சிறு பலகைத் துண்டோடு சேர்த்துப் பெடலின்மேல் வைத்து, அதன்மேல் என் காலை வைக்கச் சொன்னார். அருகில் உருக்கு அடிமட்டம் ஒன்றை நிறுத்தி, மூன்று முறை மிதித்து உயர்த்திய பெடலை 10, 20, 30, 40 கிலோகிராம் எனப் படிப்படியாக அழுத்த வைத்து அளவுகளைக் கொப்பியில் எழுதினார். மேல்நிலையில் இருந்து பெடல் இறங்கிய தூரம் முறையே 62, 72, 82, 92 மில்லிமீற்றர். பெடல் தரையைத் தொடுவதற்கு இருந்த மொத்தத் தூரம் 150 மில்லிமீற்றர். உயர்த்தாமல் மிதித்த முதல் மிதியில் 128 போனது.

ஒவ்வொரு 10 கிலோகிராமுக்கும் சரியாகப் பத்துப் பத்து மில்லிமீற்றர். காற்று இப்படி நடந்துகொள்ளாது. பெடல் நெம்புகோலின் பெருக்கம் ஐந்து என்றும், மாஸ்ரர் சிலிண்டரின் துளை ஓர் அங்குலம் என்றும் வைத்துக்கொண்டால், 10 கிலோகிராம் மிதிக்கே குழாய்க்குள் ஏறத்தாழப் பத்து வளிமண்டல அழுத்தம் உண்டாகும். போயிலின் விதிப்படி, அடைபட்ட காற்றுக் குமிழி அப்போதே தன் கனவளவில் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 40 கிலோகிராம் வரை மிதித்தால் நாற்பத்தொன்றில் ஒரு பங்காகும். அதாவது காற்றினால் வரும் அமிழ்வில் மிகப்பெரும் பகுதி முதல் 10 கிலோகிராமுக்குள் முடிந்து, பிறகு பெடல் இறுகிவிட வேண்டும். எமது பெடல் இறுகவேயில்லை. தொடக்கத்தில் இருந்து கடைசிவரை ஒரே சீராக அமிழ்ந்தது. சீராக அமிழ்வது சுருள்வில்லின் இயல்பு. இரும்பு வளைவதும் றப்பர்க் குழாய் விரிவதும் அவ்வகையைச் சேர்ந்தவை. கொப்பியைப் பார்த்த மாஸ்ரர், முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய விதி தன் சொந்த வாகனத்துக்குள் இருந்தும் ஐந்து மாதம் அதைக் கேட்கவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

குழாய்களை நெரித்துப் பார்த்தல்

வளைவது எங்கே என்பதை அறிய, ஒயில் சுற்றைத் துண்டு துண்டாக அடைத்துப் பார்க்க வேண்டும். இந்த வாகனத்தில் வளையக்கூடிய றப்பர் ஹோஸ்கள் மூன்று: முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. வாய் உருண்டையான கிளாம்பினால் அவற்றை நெரித்தால், அந்தப் பகுதி சுற்றில் இருந்து துண்டிக்கப்படும். இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய ஹோஸை நெரித்தால் அதன் உட்சுவர் வெடித்து, பின்னர் ஒரு திசையில் மாத்திரம் ஒயிலை விடும் கதவாக மாறக்கூடும். குறட்டினால் நெரித்தால் அது நிச்சயம் கெடும். இவ்வாகனத்தின் மூன்று ஹோஸ்களும் புதுப்பிப்பின்போது தொடப்படாதவை, மேற்பரப்பு வெடித்தவை, எப்படியும் மாற்றப்பட வேண்டியவை. ஆகவே தயங்காமல் நெரித்தோம். நல்ல ஹோஸ்களாக இருந்திருந்தால் அவற்றைக் கழற்றி, குழாய் வாய்களைத் திருகு மூடியால் அடைத்திருப்பேன். நேரம் கூடும், ஆனால் பாதுகாப்பானது.

மூன்றையும் நெரித்து 40 கிலோகிராம் மிதித்தபோது பெடல் 24 மில்லிமீற்றர் மட்டுமே போனது. பின் ஹோஸை விடுவித்தபோது 38 ஆனது. முன் இடது ஹோஸை விடுவித்ததும் 64. முன் வலதையும் விடுவித்ததும் பழைய 92. பின்சில்லுகள் இரண்டும் சேர்ந்து 14 மில்லிமீற்றர் கேட்க, முன்சில்லுகள் தலைக்கு 26, 28 எனக் கேட்டன. முன்னால் நான்கு பிஸ்டன்கள், பின்னால் நான்கு பிஸ்டன்கள். அளவில் சிறு வேறுபாடு இருந்தாலும் நான்கு மடங்கு வேறுபாட்டுக்கு இடமில்லை. நோய் முன்சில்லுகள் இரண்டிலும் ஏறத்தாழச் சமமாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் இருந்திருந்தால் வாகனம் மறுபக்கம் இழுத்திருக்கும், நோயை முன்பே யாராவது பிடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுபோல் கெட்டதால் அது நேராகவே நின்றது, அல்லது நிற்காமல் நேராகப் போனது.

மூன்றையும் அடைத்த பிறகும் போன அந்த 24 மில்லிமீற்றரையும் விட்டுவிட முடியாது. பெடலின் சிறு விளையாட்டும், மாஸ்ரர் சிலிண்டர் தன் வால்வை மூடும் முன் நகரும் தூரமும் சேர்ந்தால்கூட அவ்வளவு வராது. எனது உதவியாளர் பொனற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் மிதித்தேன். பெடல் பெட்டி முழுவதும் மாஸ்ரர் சிலிண்டரோடு சேர்ந்து முன்னால் சாய்வதைக் கண்டு, "அண்ணை, தகடு மூச்சு விடுது" என்றார். பெடல் பெட்டி பொருந்தியிருக்கும் முன்தடுப்புத் தகடு உள்ளிருந்து கறள் பிடித்து, போல்ற்களைச் சுற்றி மெலிந்துபோயிருந்தது. கடல்நீரேரியை ஒட்டிய வீதியில் உப்புக்காற்றோடு ஓடும் வாகனத்தில் இது வியப்பல்ல. லாண்ட் றோவரின் வெளித்தகடுகள் அலுமினியக் கலவை. அதைக் கண்டு, கறளே பிடிக்காத வாகனம் என்று பலர் நம்புகிறார்கள். முன்தடுப்பும் அடிச்சட்டமும் இரும்பு.

அட்ஜஸ்ரர் சோதனை

அடுத்ததாக, ஹோஸ்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, முன்சில்லுகள் இரண்டையும் ஜக்கில் உயர்த்தி, அவற்றின் நான்கு அட்ஜஸ்ரர்களையும், அதாவது முன்னர் சொன்ன கேம்களை, சூக்கள் டிறமில் முற்றாக இறுகும்வரை திருப்பினோம். இடது சில்லின் கீழ் அட்ஜஸ்ரர் கறளால் அசையவேயில்லை. ஓர் இரவு முழுவதும் டீசலில் ஊறவிட்டு, மறுநாள் வெப்பம் கொடுத்துத்தான் திருப்ப முடிந்தது.

சூக்கள் இறுகிய நிலையில் பிஸ்டன்கள் நகர இடமில்லை. சூக்கள் வளைவதற்கும் இடமில்லை, ஏனெனில் கேம் அவற்றை ஏற்கெனவே டிறமோடு அழுத்திவிட்டது. ஆனால் காற்று இருந்தால் அது இன்னும் சுருங்கும். ஹோஸ் இன்னும் விரியும். ஆகவே இந்தச் சோதனை ஒயில் சுற்றின் குறையையும் சூ, டிறம் ஆகியவற்றின் குறையையும் தெளிவாகப் பிரிக்கிறது. பெடல் 46 மில்லிமீற்றரில் நின்றது. முன்சில்லுகள் கேட்ட 54 மில்லிமீற்றரில் 46 மறைந்துவிட்டது. மிஞ்சிய 8 தான் பழைய ஹோஸ்களுக்கும் எஞ்சியிருந்த காற்றுக்கும் உரியது. இரண்டு லீற்றர் ஒயிலைக் கொட்டித் தேடியது அந்த எட்டின் ஒரு பங்கை.

பிறேக் வேலையில் இந்தச் சோதனை இலவசமானது. ஒரு ஸ்பானரும் ஒரு ஜக்கும் போதும். மாஸ்ரர் சிலிண்டர் ஒன்றை வாங்குவதற்கு முன் இதைச் செய்யாதவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

லைனிங் தொட்ட இடம்

டிறம்களைக் கழற்றினோம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். புதியவற்றின் தூசியும் நெஞ்சுக்கு நல்லதல்ல. ஆகவே காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். எனது உதவியாளருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு வருடம் எடுத்தது.

முதற்பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தன: சிலிண்டர்கள் காய்ந்திருந்தன, ஸ்பிரிங்குகள் சரியான துளைகளில் இருந்தன, லைனிங் தடிப்பாக இருந்தது. அந்தத் தடிப்பே சற்று உறுத்தியது. பாடசாலைச் சோக்குக்கட்டியால் லைனிங் முழுவதும் வெள்ளையடித்து, டிறமை மீண்டும் பூட்டி, மெதுவாக மிதித்தபடி டிறமை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தோம். சோக்கு அழிந்திருந்தது ஒவ்வொரு சூவின் இரு முனைகளிலும் மூன்று விரல் அகலத்துக்கு மாத்திரமே. நடுவில் வெள்ளை அப்படியே இருந்தது. ஐந்து மாத ஓட்டத்தில் லைனிங்கின் நடுப்பகுதி டிறமைத் தொட்டதே இல்லை என்பதற்கு, அங்கே அப்படியே இருந்த அரைத்த தடங்களும் சாட்சி.

காரணம் அளந்தபோது தெரிந்தது. டிறமின் உள்விட்டம் ஏறத்தாழப் புதியதன் அளவிலேயே, 279 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டி இருந்தது. அது ஒருபோதும் லேத்தில் கடையப்பட்டதில்லை. ஆனால் முன்சூக்களில் அடிக்கப்பட்டிருந்த லைனிங், கடைந்து அகலமான டிறமுக்கென விற்கப்படும் தடித்த வகை. பின்சூக்களின் லைனிங்கைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புக் கூட. தடிப்புக் கூடினால் சூவின் வெளிவளைவின் ஆரையும் கூடும். டிறமின் ஆரையைவிட அது பெரிதாகிவிட்டால், பெரிய வளையலின் துண்டு ஒன்றைச் சிறிய வளையலுக்குள் வைப்பதுபோல, இரு முனைகளும் தொட்டு நடு தொங்கும். அதன் பிறகு மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அந்த இரும்புச் சூவை வளைத்து நடுவை டிறமோடு சேர்க்கப் பார்க்கிறது. காலை எடுத்தால் சூ நிமிர்ந்து பெடலைத் தள்ளிவிடுகிறது. மாஸ்ரரின் கொப்பியில் பத்துப் பத்தாக ஏறிய அளவுகள் இந்த வளைவையே குறித்தன.

இவ்வளவு சிறிய வளைவு பெடலில் இவ்வளவு பெரிதாகத் தெரிவதேன் என்ற கேள்வி இயல்பானது. சில்லுப் பிஸ்டன்கள் எட்டும் மாஸ்ரர் சிலிண்டரின் பிஸ்டன் அளவிலேயே உள்ளன என்று கணக்கை எளிதாக்கிக்கொள்வோம். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் கூடுதலாக நகர்ந்தால், மாஸ்ரர் சிலிண்டரின் பிஸ்டன் 4 மில்லிமீற்றர் கூடுதலாக நகர வேண்டும். ஐந்து மடங்கு நெம்புகோலால் பெடல் 20 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கும். டிறமுக்குள் சில மயிரிழை, காலடியில் ஒரு விரற்கடை. இதே கணக்கு, துளை சிறிய மாஸ்ரர் சிலிண்டரைத் தவறாகப் பூட்டியவர்களுக்கும் பொருந்தும்: ஓர் அங்குலத் துளைக்குப் பதிலாக முக்கால் அங்குலத் துளை வைத்தால், அதே ஒயிலைத் தள்ளப் பெடல் ஏறத்தாழ 1.8 மடங்கு தூரம் போக வேண்டும். இங்கே கழற்றப்பட்ட மூலச் சிலிண்டரையும் பூட்டியிருந்ததையும் அளந்து, துளை ஒன்றே என்று உறுதிசெய்துகொண்டோம்.

இனி, முதல் மிதி 128 மில்லிமீற்றர் வரை போனதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. முனைகளில் மட்டும் தொடும் சூ, பிறேக் பிடிக்காதபோதும் டிறமில் உரசும். புதுப்பித்த முதல் வாரத்தில் முன்சில்லுகள் சூடேறியதாகவும், நிறுத்தும்போது கீச்சிட்டதாகவும் மாஸ்ரர் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அட்ஜஸ்ரர்களைத் தளர்த்திவிட்டார்கள். உரசல் நின்றது, சூடு குறைந்தது, சத்தமும் போனது. சூ மட்டும் டிறமை விட்டு வெகுதூரம் விலகி நின்றது. பெடல் அதனால் தாழ்ந்தது. தாழ்ந்த பெடலைக் கண்டு காற்று என்றார்கள். காற்று எடுத்தும் போகாததால் மாஸ்ரர் சிலிண்டர் என்றார்கள். தவறான தடிப்பில் தொடங்கிய ஒரு பிழையைச் சுற்றி நான்கு வைத்தியங்கள், ஒவ்வொன்றும் முந்தியதன் அறிகுறியை மறைத்தது. செய்தவர் கைகெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பின்சில்லுகளில் அவர் செய்த வேலை சுத்தமானது. கடையில் கிடைத்த லைனிங்கை டிறமின் அளவு பாராமல் அடித்ததே தவறு.

இந்தக் குறையை இங்கு ஐந்து மாதம் பொறுத்துக்கொண்டு ஓட்ட முடிந்ததற்கு யாழ்ப்பாணத்தின் நிலமே காரணம் என்று நினைக்கிறேன். இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மிதிக்க வேண்டிய இடம் சந்தியும் ஆட்டு மந்தையும்தான். இதே பிறேக்கோடு கடுகண்ணாவ மலை இறக்கத்தில் இறங்கியிருந்தால், முனைகளில் மாத்திரம் தொடும் லைனிங் அந்தச் சிறு பரப்பிலேயே வெந்து, டிறம் சூட்டில் விரிந்து, ஏற்கெனவே தாழ்ந்த பெடல் தரையைத் தொட்டிருக்கும்.

செய்த வேலை

முன்சூக்களின் தடித்த லைனிங்கை அகற்றிவிட்டு, சாதாரணத் தடிப்புள்ளதை அடித்தோம். லைனிங் அடிப்பதில் கைப்பழக்கம் ஒன்று உண்டு: தறையாணிகளை நடுவில் இருந்து தொடங்கி இரு முனைகளையும் நோக்கி அடிக்க வேண்டும். முனைகளில் தொடங்கினால் லைனிங் நடுவில் உப்பி, சூவுக்கும் அதற்கும் இடையில் வெளி விழும். அந்த வெளியும் பெடலில் பஞ்சாகவே வரும். பழைய சூக்கள் விரிந்துள்ளனவா என்பதை அவற்றின் மூலைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தோம், நான்கும் ஒத்திருந்தன. அடித்த பிறகு, டிறமின் உட்புறத்தில் உப்புத்தாளை ஒட்டி, சூவை அதற்குள் முன்பின்னாக உரசி, சோக்கு ஏறத்தாழ முழு நீளத்துக்கும் அழியும்வரை பொருத்தினோம். அரை நாள் வேலை, முகமூடியோடு, வாளித் தண்ணீர் பக்கத்தில். முனைகளைச் சற்றுச் சரித்து அராவிவிட்டோம்.

பெடல் பெட்டியைக் கழற்றி, மெலிந்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்தோம். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பிறகே வெல்டிங் தொடங்கியது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஹோஸ்கள் மூன்றையும் மாற்றியதைப் பற்றியும் அப்படியே.

காற்று எடுப்பதில் மட்டும் எமது முறை முன்னையதில் இருந்து வேறுபட்டது. முன்சில்லுகளில் இரட்டைச் சிலிண்டர்கள் இருப்பதால், அவற்றுக்கிடையே உள்ள சிறு குழாயிலும் சிலிண்டரின் மேற்புறத்திலும் காற்று தங்கிக்கொள்ளும். அட்ஜஸ்ரர்களை முற்றாகத் தளர்த்தி, ஸ்பிரிங்குகள் பிஸ்டன்களைச் சிலிண்டருக்குள் ஆழமாக இழுத்து வைத்திருக்கும்படி விட்டால், காற்று ஒளிந்துகொள்ள இடம் குறையும். காற்றை வெளியேற்றும் திருகு வாயான நிப்பிளில் தெளிந்த குழாயைப் பூட்டி, மறுமுனையை ஒயிலுள்ள போத்தலில் அமிழ்த்தி, மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரமான பின் இடது சில்லில் இருந்து தொடங்கினோம். பெடலை மெதுவாக மிதித்து, மெதுவாக விட்டு, அடுத்த மிதிக்கு முன் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். விரைவாகக் குத்தினால் பெரிய குமிழி நுரையாக உடைந்து ஒயிலோடு கலந்துவிடும். பிறகு அது அடுத்த நாள்வரை வெளியே வராது. முன் வலது சில்லில் இருந்து கடுகளவு குமிழிகள் ஏழெட்டு வந்தன. வேறெங்கும் இல்லை.

ஒயிலாக டொட் 4 வகையை, மூடி உடைக்காத புதிய போத்தலில் இருந்து ஊற்றினோம். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, நீர் சேர்ந்த நிலைக்கான தரஅளவில் 155 பாகைதான். கராஜ் மூலையில் பாதி திறந்து கிடக்கும் போத்தலை நான் கிளச்சுக்குக்கூட ஊற்றுவதில்லை. டொட் 5 இன்னும் மேலானதல்லவா என்று மாஸ்ரர் கேட்டார். எண் பெரிதென்றாலும் அது சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்காது, நுண்குமிழிகளையும் எளிதில் பிடித்துவைத்துக்கொள்ளும். பெயரில் அதற்கு அடுத்து நிற்கும் டொட் 5.1 டொட் 4 இன் உறவினர், சிலிக்கோன் அல்ல. இந்தப் பெயர்களை வைத்தவர் யாரோ, மாணவர்களைக் குழப்பவென்றே வைத்திருக்கிறார் என்று மாஸ்ரர் அபிப்பிராயப்பட்டார்.

அட்ஜஸ்ரர்களை ஒவ்வொன்றாக, சில்லைக் கையால் சுற்றியபடி இறுக்கி, பிடித்த இடத்தில் இருந்து சில்லு தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்திய பின், அதே தராசையும் அதே அடிமட்டத்தையும் கொண்டு மீண்டும் அளந்தோம். ஹோஸ்கள் மூன்றும் புதியவை என்பதால் நெரிக்கவில்லை. பெடல் பெட்டியின் பங்கை, ஹோஸ்களைப் பூட்டும் முன்பே குழாய் வாய்களை அடைத்து அளந்திருந்தோம், அது 24 இல் இருந்து 13 ஆகக் குறைந்திருந்தது. எல்லாம் பூட்டி, மூன்று முறை மிதித்து உயர்த்திய பெடல் 40 கிலோகிராமில் 49 மில்லிமீற்றர். உயர்த்தாத முதல் மிதி 57. முன்னர் அது 128.

கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலிவரை போய்வந்து, முன் டிறம்களைத் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு. நேராக நின்றது, கீச்சிடவில்லை.

புதிய லைனிங் டிறமோடு முழுமையாக ஒத்துப்போகச் சிறிது ஓட்டம் தேவை என்பதால், 800 கிலோமீற்றர் ஓடியதும் திரும்பி வருமாறு சொல்லியிருந்தோம். அவர் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை வந்தார். முதல் மிதி 66 ஆக இறங்கியிருந்தது. அது லைனிங் படிந்ததன் விளைவு, அட்ஜஸ்ரர்களைச் சற்றே திருப்பியதும் 55 இல் நின்றது. டிறமைக் கழற்றியபோது லைனிங் முனையில் இருந்து முனைவரை ஒரே பளபளப்பு. அகற்றிய மாஸ்ரர் சிலிண்டர்கள் இரண்டையும், கழற்றி ஆராய்ந்தபின், எண்ணெய்த்தாளில் சுற்றி அவரிடமே கொடுத்தோம். மூலச் சிலிண்டரின் துளையில் மட்டும் சிறு கறள் புள்ளிகள் இருந்தன, மற்றையதில் குறையெதுவும் இல்லை. அந்த மற்றையதை அவர் நல்ல விலைக்கு வேறொரு 109 காரருக்கு விற்றுவிட்டதாகக் கேள்வி.